லூட் பாக்ஸ் சூதாட்டமா? கோத்தகிரித் தந்தையின் கேள்விக்கு

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகன் நான்கு மாதங்களாக உங்கள் கைபேசியில் ஒரு விளையாட்டுக்குள் ‘கிரேட்’ எனப்படும் லூட் பாக்ஸை, அதாவது உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே காசு கொடுத்து வாங்கும் பரிசுப் பெட்டியை, திறந்து திறந்து 18,400 ரூபாயைத் தீர்த்திருக்கிறான். பச்சைத் தேயிலைப் பணம் கணக்கில் விழும் வாரங்களில்தான் பெட்டிகள் அதிகம் திறக்கப்பட்டிருக்கின்றன என்பதை வங்கிப் புத்தகத்தில் பதிவு போட்டபோதுதான் கவனித்தீர்கள். உங்கள் மைத்துனர் இது சூது என்கிறார். மகனோ, கடையில் சட்டை வாங்குவது போலத்தான் என்கிறான். “லாட்டரியைத் தடை செய்த அரசு இந்த லூட் பாக்ஸை மட்டும் ஏன் சூதாட்டமாகக் கருதிக் கட்டுப்படுத்தவில்லை?” என்று கேட்டிருக்கிறீர்கள். இதை இரண்டு முறை படித்தேன். உள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன. இது இயல்பில் சூதா? சட்டத்தின் கண்ணில் சூதா? சூது என்று சட்டம் சொல்லிவிட்டால் உங்கள் வீட்டுக்கு என்ன கிடைக்கும்? எழுத்தில் நீங்கள் கேட்டது நடுவில் உள்ளதை. மனத்தில் இருப்பது மூன்றாவது என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் உதகை நீதிமன்றத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக வழக்கு நடத்துகிறவன். டீக்கடைக்குப் பின்னறையில் சீட்டாடியவர்கள், மூன்று எண் லாட்டரி எழுதியவர்கள் என்று 1930-ஆம் ஆண்டு சூதாட்டச் சட்டத்தில் சிக்கியவர்களுக்காகப் பலமுறை நின்றிருக்கிறேன். கடந்த சில ஆண்டுகளாக உங்களைப் போன்ற பெற்றோரும் வருகிறார்கள். ஆகவே சட்டத்தைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். பிள்ளையின் மனத்துக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு நான் ஆள் இல்லை. அதற்கு மனநல மருத்துவர்தான் வேண்டும்.

முதல் கேள்விக்கு வருகிறேன். உங்களுக்கும் என் வயது இருக்குமானால் பெட்டிக்கடையில் தொங்கிய அந்த அட்டை நினைவிருக்கும். நான்கணா கொடுத்தால் ஒரு சீட்டைக் கிழிக்கலாம். உள்ளே உள்ள எண்ணுக்குப் பலூனோ ஊதலோ கிடைக்கும். அட்டையின் தலையில் கட்டியிருக்கும் கைக்கடிகாரம் யாருக்கும் கிடைத்து நான் பார்த்ததில்லை. அந்த எண் உள்ள சீட்டைக் கடைக்காரர் முதலிலேயே பிய்த்து வைத்துக்கொள்வார் என்பது எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் இருந்த சந்தேகம். பிறகு தொண்ணூறுகளில் சுரண்டல் லாட்டரி வந்தது. குலுக்கல் நாள்வரை காத்திருக்க வேண்டாம். நகத்தால் சுரண்டினால் அந்த நொடியே முடிவு. தோற்ற கை ஆறுவதற்குள் அடுத்த சீட்டை வாங்கும். லூட் பாக்ஸ் இந்த இரண்டுக்கும் பிறந்த பிள்ளை. காசு கொடுக்கிறீர்கள், என்ன வரும் என்று தெரியாது, உடனே தெரிந்துவிடுகிறது, மறுபடியும் கொடுக்கிறீர்கள். சட்டை வாங்குவதோடு உங்கள் மகன் ஒப்பிட்டது சரியில்லை. எந்தச் சட்டை என்பது காசு கொடுத்த பிறகுதான் தெரியும் என்று சொல்லும் துணிக்கடைக்கு நீங்கள் போகமாட்டீர்கள்.

ஆனால் அட்டையிலும் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது. அட்டையில் நூறு சீட்டு என்றால் நூறுதான். கடைக்காரர் யோக்கியராக இருந்தால், தொண்ணூறு கிழிந்த பிறகு மீதிப் பத்தில் கடிகாரம் இருக்கும் என்று கணக்குப் போடலாம். கைபேசியில் அப்படியில்லை. ஒவ்வொரு முறையும் புது அட்டை. நூற்றுக்கு ஒன்று என்ற வாய்ப்பில் நூறு பெட்டி திறந்தால் பொருள் கிடைத்தே தீரும் என்றுதான் பிள்ளைகள் நம்புகிறார்கள். கணக்கு வேறு: நூறு பெட்டி திறந்த நூறு பேரில் சுமார் 37 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். முந்நூறு பெட்டி திறந்த பிறகும் ஐந்து பேருக்குக் கிடைத்திருக்காது. (சில விளையாட்டுகள் இத்தனையாவது பெட்டியில் கட்டாயம் தருவோம் என்று உறுதி சொல்வதுண்டு. அந்த எண்ணிக்கை பெரும்பாலும் ஒரு சிறுவனின் கைக்காசு எட்டாத உயரத்தில் இருக்கும்.) ஜப்பானில் இதை இன்னும் ஒரு படி ஏற்றினார்கள். ஆறு பொருளையும் சேர்த்தால் ஒரு பெரும் பரிசு என்றார்கள். ஆறுக்கும் சம வாய்ப்பு என்றே வைத்துக்கொள்வோம். முதல் பொருள் முதல் முயற்சியிலேயே வந்துவிடும். கடைசி ஒன்றுக்கு மட்டும் சராசரியாக ஆறு முயற்சி வேண்டும். மொத்தம் பதினைந்துக்குச் சற்றே குறைவு. “இன்னும் ஒன்றுதானே” என்ற இடத்தில்தான் காசு கரையும். இந்த வகையை ஜப்பான் 2012-இல் நிறுத்தியது. அதற்குச் சூதாட்டச் சட்டத்தை எடுக்கவில்லை. வாடிக்கையாளரை மயக்கும் பரிசுத் திட்டங்களுக்கு எதிராகத் தன்னிடம் ஏற்கெனவே இருந்த வணிகச் சட்டத்தையே எடுத்தது. இதை நினைவில் வையுங்கள், பிறகு திரும்ப வருகிறேன்.

சட்டத்தின் கண்ணில் சூது என்றால் மூன்று வேண்டும்: பணயம், தற்செயல், பணயத்துக்கு ஈடாக மதிப்புள்ள பரிசு. நம் நீதிமன்றங்கள் எழுபது ஆண்டுகளாக இரண்டாவதைத்தான் பிடித்துக்கொண்டு சண்டை போட்டிருக்கின்றன. 1957-இல் சமர்பாக்வாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் திறமைப் போட்டியைச் சூதிலிருந்து பிரித்தது. 1967-இல் ரம்மி திறமை விளையாட்டு என்றது. 1996-இல் குதிரைப் பந்தயமும் அப்படியே என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கு நம் மாநிலத்தில் எழுந்தது. கிண்டியிலும் நம் உதகையிலும் குதிரை ஓட்டிய கிளப்பைப் பற்றியது. கோடை சீசனில் சேரிங்கிராஸிலிருந்து இறங்கிப் பந்தயத் திடலுக்குப் போகும் கூட்டத்தில் என் பெரியப்பாவும் இருந்திருக்கிறார். குதிரையின் வம்சம், ஜாக்கியின் எடை, நேற்றைய மழையில் தரை எவ்வளவு ஊறியிருக்கிறது எல்லாம் பார்த்துக் கட்டுவார். அவ்வளவு திறமையையும் வைத்துக்கொண்டு வீட்டுப் பின்னால் இருந்த அரை ஏக்கர் தோட்டத்தை விற்றார். திறமையா தற்செயலா என்ற கேள்விக்கும் வீடு மூழ்குவதற்கும் தொடர்பு கிடையாது என்பதை நான் சட்டக் கல்லூரிக்குப் போவதற்கு முன்பே கற்றுக்கொண்டது அப்படித்தான். அந்தத் திடலையும் குத்தகை பாக்கிக்காக 2024-இல் அரசு திரும்ப எடுத்துக்கொண்டது.

லூட் பாக்ஸில் தற்செயலைப் பற்றித் தகராறே இல்லை. பெட்டியைத் திறப்பதில் எந்தத் திறமையும் கிடையாது. தகராறு மூன்றாவதில். உங்கள் மகனுக்குக் கிடைத்தது ஒரு துப்பாக்கிக்கான வண்ணப் பூச்சு. அதை விற்க முடியாது, வேறொருவருக்கு மாற்ற முடியாது, நிறுவனம் நினைத்தால் நாளைக்கே அழித்துவிடலாம். இது மதிப்புள்ள பரிசா? தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் அதிர்ஷ்ட விளையாட்டை விளக்கும்போது சீட்டு, பகடை, சுழலும் சக்கரம் ஆகியவற்றோடு, தற்செயல் விளைவை உருவாக்கும் கருவியையும் சேர்த்திருக்கிறது. படித்தவுடன் லூட் பாக்ஸ் கண்முன் வரும். ஆனால் அந்தச் சட்டம் எழுதப்பட்டபோது எல்லோர் மனத்திலும் இருந்தது ரம்மிக் கடனும் தற்கொலைகளும்தான். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தி, ரம்மிக்கும் போக்கருக்கும் அது பொருந்தாது என்று விளக்கியபோதும் விவாதம் பழைய திறமை-தற்செயல் தடத்திலேயே ஓடியது.

2025 ஆகஸ்ட்டில் மத்திய அரசு கொண்டுவந்த இணைய விளையாட்டுச் சட்டம் அந்தத் தடத்தையே பெயர்த்து எறிந்தது. திறமையோ தற்செயலோ, பணம் அல்லது வேறு பணயம் வைத்து அதற்கு ஈடாகப் பணமோ வேறு ஆதாயமோ வெல்லும் எதிர்பார்ப்போடு ஆடுவது பண விளையாட்டு; அதை நடத்துவது குற்றம்; மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை கிடையாது. ‘வேறு பணயம்’ என்ற சொல்லுக்குள் காசு கொடுத்து வாங்கிய நாணயம், டோக்கன், மெய்நிகர்ப் பொருள் வரை வருகின்றன. ‘வேறு ஆதாயம்’ என்பதை அகலமாகப் படித்தால் உங்கள் மகனின் துப்பாக்கிப் பூச்சும் உள்ளே வரும். ஒடுக்கமாகப் படித்தால் வராது. பொழுதுபோக்குக்காக மட்டும் நடத்தப்படும் சமூக விளையாட்டு என்று ஒரு தனி வகையை அதே சட்டம் அனுமதித்திருப்பதால், விளையாட்டு நிறுவனங்கள் அந்தக் குடைக்குள்தான் ஒதுங்கும். சந்தாவோ ஒருமுறைக் கட்டணமோ வாங்கலாம், அது பணயத்தின் தன்மையில் இருக்கக் கூடாது என்பது அங்குள்ள நிபந்தனை. திரும்பத் திரும்பப் பெட்டிக்குக் கொடுக்கும் காசு ஒருமுறைக் கட்டணமா என்று ஒரு நீதிபதி கேட்டால் நிறுவனத்தின் வழக்கறிஞர் கொஞ்சம் எச்சில் விழுங்குவார். ஆனாலும் இதில் முடிவான தீர்ப்பு என்று காட்ட என் கையில் ஒன்றும் இல்லை. உங்கள் மைத்துனரும் மகனும் ஆளுக்கு ஒரு பக்கம் வாதாட இடம் இருக்கிறது.

ஓரிடத்தில் மட்டும் எனக்குத் தயக்கம் இல்லை. பெட்டியில் கிடைத்த பொருளைச் சந்தையில் விற்றுக் காசாக்க முடிகிறது என்றால் அது சூதுதான். கவுன்ட்டர் ஸ்டிரைக் போன்ற விளையாட்டுகளில் ஆயுதப் பூச்சுகள் கைமாறுகின்றன. விலை வைத்து விற்கப்படுகின்றன. அங்கே பெட்டிக்கும் சுரண்டல் லாட்டரிக்கும் வேறுபாடு காண்பதற்கு வழக்கறிஞர் கட்டணம் கொடுக்க வேண்டும்.

இனி வெளிநாடுகள். இங்கே ஒரு விஷயம் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. பிரிட்டனில் சூதாட்டமாகக் கருதிக் கட்டுப்படுத்துவது என்றால் உரிமம் கொடுத்து, எந்திரத்தைச் சோதித்து, வயதைப் பார்த்து நடத்தவிடுவது. அதற்கென்று ஆணையம் இருக்கிறது. தமிழ்நாட்டில் சூது என்று முத்திரை குத்தினால் அடுத்த சொல் தடை. நடுவில் வேறு படியில்லை. அந்தப் பிரிட்டன்கூட 2022 ஜூலையில், சூதாட்டச் சட்டத்துக்குள் லூட் பாக்ஸைக் கொண்டுவரப் போவதில்லை, துறையினரே ஒழுங்குபடுத்திக்கொள்ளட்டும் என்றது. நெதர்லாந்தில், கணினிக் கால்பந்து விளையாட்டில் எந்த ஆட்டக்காரர் வருவார் என்று தெரியாமல் வாங்கும் பொதிகளுக்காக, அதைத் தயாரித்த ஈஏ (எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ்) நிறுவனத்துக்குச் சூதாட்ட ஆணையம் ஒரு கோடி யூரோ அபராதம் விதித்தது. கீழ் நீதிமன்றமும் சரி என்றது. 2022 மார்ச்சில் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம், பொதி தனி ஆட்டமல்ல, திறமை விளையாட்டு ஒன்றின் பகுதி என்று சொல்லி அபராதத்தை ரத்து செய்தது. என் பெரியப்பாவின் குதிரையை அங்கேயும் ஓட்டியிருக்கிறார்கள்.

பெல்ஜியம் 2018-இல் சூது என்றே அறிவித்தது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ஈஏ அங்கே கால்பந்துப் பொதிக்கான புள்ளிகளை விற்பதை நிறுத்தியது. வெற்றி என்று எல்லோரும் எழுதினார்கள். 2022-இல் லியான் ஷியாவ் என்ற ஆய்வாளர் அந்நாட்டில் அதிக வருமானம் ஈட்டிய 100 ஐபோன் விளையாட்டுகளை எடுத்துப் பார்த்தார். 82-இல் காசுக்குத் தற்செயல் பெட்டி அப்படியே இருந்தது. தடை இருந்தது, பார்ப்பதற்கு ஆள் இல்லை. கூடலூர், பந்தலூர் பக்கம் உறவு இருந்தால் உங்களுக்கு இது புதிதாக இருக்காது. தமிழ்நாடு 2003-இல் லாட்டரியை நிறுத்தியது. தாளூரில் சாலையைத் தாண்டினால் கேரள லாட்டரி, அரசே நடத்துவது. நாடுகாணி இறங்கினாலும் அதேதான். இந்தப் பக்கம் மிஞ்சியது துண்டுக் காகிதத்தில் எழுதும் மூன்று எண் லாட்டரி. அதில் ஏமாந்தவன் போலீசுக்கும் போக முடியாது, ஏனென்றால் அவனும் குற்றவாளி. அதற்காக 2003 தடை தவறு என்று சொல்லமாட்டேன். சுரண்டல் சீட்டு காலையில் வாங்கிய கூலியை மாலைக்குள் தின்றதை எஸ்டேட் லைன்களில் பார்த்திருக்கிறேன், அது நின்றது. கடையைப் பூட்ட முடிந்ததால் நின்றது. கைபேசிக்குள் இருக்கும் கடைக்கு எந்த ஊரில் போய்ப் பூட்டுப் போடுவது?

தென்கொரியா வேறு வழியில் போனது. அதைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். அந்நாட்டு நியாய வணிக ஆணையம் 2024 ஜனவரியில் நெக்ஸன் நிறுவனத்துக்கு 1,160 கோடி வோன் அபராதம் விதித்தது. மேப்பிள்ஸ்டோரி விளையாட்டில், ஆயுதங்களின் கூடுதல் திறன்களைத் தற்செயலாக மாற்றித் தரும் ‘கனசதுரம்’ என்ற பொருளைக் காசு கொடுத்து வாங்கலாம்; அதன் வாய்ப்புகளை நிறுவனம் சொல்லாமல் குறைத்திருந்தது. ஆட்டக்காரர்கள் மிகவும் விரும்பிய சில சேர்க்கைகள் வரவே வராதபடி பல ஆண்டுகளாக அடைத்தும் வைத்திருந்தது. பெட்டிக்கடை அட்டையில் கடிகாரச் சீட்டைப் பிய்த்து வைத்த கதை ஒரு நாட்டின் ஆணைய உத்தரவில் அப்படியே ஏறிவிட்டது! அதே ஆண்டு மார்ச்சிலிருந்து அங்கே வாய்ப்பு விகிதத்தை வெளியிடுவது சட்டப்படி கட்டாயம். சீனா 2017-இலேயே இதைக் கேட்டது. ஆஸ்திரேலியா 2024 செப்டம்பரிலிருந்து, காசுக்குத் தற்செயல் பொருள் விற்கும் புது விளையாட்டுகளுக்கு முதிர்ந்த வயதினருக்கான தரச் சான்றைக் குறைந்தபட்சமாக வைத்திருக்கிறது.

ஆய்வுகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2018-இல் ஜெண்டில், கெய்ர்ன்ஸ் இருவரும் 7,000-க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களிடம் கேட்டு, சூதாட்டப் பிரச்சினை கடுமையாக உள்ளவர்கள் லூட் பாக்ஸுக்கு அதிகம் செலவழிக்கிறார்கள் என்று கண்டார்கள். பிறகு வந்த பல ஆய்வுகளிலும் அந்தத் தொடர்பு தெரிகிறது. தொடர்பு இருப்பது உறுதி. பெட்டி திறப்பவன் சூதாடியாகிறானா, சூதாடும் மனம் உள்ளவன் பெட்டியைத் தேடி வருகிறானா என்பது உறுதியில்லை. இரண்டாவது உண்மையானாலும் விற்பவருக்கு அது பெருமையில்லை, ஏற்கெனவே தடுமாறுகிறவனின் பையில்தான் கையை விடுகிறார் என்று ஆகிறது. ஆனால் இதை வைத்து உங்கள் மகன் சூதாடி என்று யாரும் சொல்லிவிட முடியாது. உங்கள் மைத்துனரிடம் அதை மட்டும் சொல்லுங்கள்.

ஆகவே என் கருத்து இது. காசாக்க முடிகிற பெட்டியைச் சூதாகவே நடத்தட்டும். 2025 சட்டம் அதற்குப் போதும். மற்றதை ஜப்பானும் கொரியாவும் செய்தது போல விற்பவரின் கையைப் பார்த்துக் கட்டுப்படுத்த வேண்டும்: வாய்ப்பு விகிதத்தைப் பெட்டியின் மேலேயே, தமிழில், ரூபாய்க் கணக்கில் எழுது, சொன்ன விகிதத்தை வெளியாள் சோதிக்கட்டும், பதினெட்டு வயதுக்குக் கீழே பெட்டி விற்காதே. சூதாட்டச் சட்டம் வென்றவன் கையில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்கிறது. வண்ணப் பூச்சு என்று தெரிந்தால் போய்விடுகிறது. கடைக்காரர் மடியில் எந்தச் சீட்டு இருக்கிறது என்று அது கேட்பதில்லை. என் நண்பரான ஒரு மூத்த வழக்கறிஞர் இதை ஏற்கமாட்டார். பிள்ளைகளைத் தொடும் எதையும் அரைகுறையாகக் கட்டுப்படுத்துவது முழுவதுமாக அனுமதிப்பதற்குச் சமம் என்பார். அவர் வாதத்தை என்னால் முழுவதும் தள்ள முடியவில்லை, பெல்ஜியத்தின் 82-ஐக் காட்டத்தான் முடிகிறது.

உங்கள் 18,400 ரூபாய்க்கு வருகிறேன். இதைச் சூது என்று வாதிட்டுப் பணம் கேட்காதீர்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆவது பிரிவின்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது, வென்ற பணத்தைக் கேட்டு வழக்கும் போட முடியாது. தோற்ற பணத்துக்கு அதைக் காட்டிப் போவது உங்கள் காலில் நீங்களே முள் குத்திக்கொள்வது. அதே சட்டத்தின் 11-ஆவது பிரிவு உங்களுக்கு நல்ல துணை. பதினெட்டு வயது நிரம்பாதவன் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்பது 1903-இல் மோகரி பீவி வழக்கில், லண்டனில் இருந்த அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் சொன்னது, இன்றும் நிற்கிறது. நிறுவனம் என்ன சொல்லும் என்றும் சொல்லிவிடுகிறேன்: கணக்கு தந்தையின் பெயரில், ரகசிய எண்ணும் தந்தையுடையது, ஆகவே வாங்கியவர் தந்தைதான். அது வெறும் சாக்கு அல்ல. எண்ணை மகனுக்குச் சொல்லிக் கொடுத்தது நீங்களா, அவன் பார்த்துக் கற்றதா என்பதில் பாதி வழக்கு இருக்கிறது. இன்னொரு பக்கம், ‘இன்னும் இரண்டு மணி நேரம் மட்டுமே’ என்று தினமும் ஓடும் கடிகாரம் போன்ற பொய் அவசரத்தை 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட நெறிமுறைகள் தடை செய்கின்றன. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். பெங்களூருக்கோ மும்பைக்கோ போக வேண்டாம். ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். கட்டாயம் கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்கமாட்டேன். என்னிடம் வந்தவர்களில் சிலருக்கு மனுவுக்கு முன்பே, கடிதத்தோடு முழுத்தொகை திரும்பியது; ஒருவருக்கு ஒரு ரூபாயும் வரவில்லை.

முதலில் விளையாட்டு நிறுவனத்துக்கும் அதை விற்ற செயலிக் கடைக்கும் மகனின் பிறப்புச் சான்றிதழ் நகலோடு எழுதுங்கள். இன்றே எழுதுங்கள், நாள் கடந்தால் அவர்கள் அதையே காரணமாகச் சொல்வார்கள். தீராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். கோபத்தில் மகனின் கணக்கை அழித்துவிட வேண்டாம். பெரும்பாலான வீடுகளில் முதல் வேலையாக அதைத்தான் செய்கிறார்கள். எந்தத் தேதியில் எத்தனை பெட்டி, என்ன விலை, திரையில் என்ன எழுதியிருந்தது என்பதற்கெல்லாம் உள்ள ஒரே சாட்சி அந்தக் கணக்கு. அதை எங்கே எப்படித் திறந்து காட்டுவது என்பது உங்களுக்கோ எனக்கோ தெரியாது. மகனைப் பக்கத்தில் உட்கார வைத்து அவனையே படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.